டோர்ட்முண்டில் மூன்றாவது வாரம்: 50 யூரோ எடுத்தால் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய் போகிறது, எங்கே தவறு செய்கிறேன்?

கரூர்_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி படிக்க ஜெர்மனியில் டோர்ட்முண்ட் வந்து இன்றோடு இருபது நாள். பணம் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. நான் வீண்செலவு செய்கிற ஆள் இல்லை. அதனால்தான் இன்னும் குழப்பம்.

கிளம்பும்போது திருச்சியில் 1,000 யூரோ மாற்றினோம். ஐந்து 200 யூரோ நோட்டுகளாகக் கொடுத்தார்கள், சின்னதாக இருந்தால் தொலைந்துவிடும் என்று அப்பாவும் அதையே வாங்கிக்கொண்டார். இங்கே வந்ததும் அறை வாடகை 380, அட்வான்ஸில் முதல் பாதி 380, இரண்டையும் ரொக்கமாகக் கொடுத்தேன். வீட்டை முதலில் எடுத்தவர் ஒரு ஜெர்மன் மாணவர், அவருக்குக் கீழே நான் அறை எடுத்திருக்கிறேன். நல்ல மனிதர்தான். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. மீதி 380-ஐ அடுத்த வாரமே கேட்கிறார். மிச்சம் இருக்கும் ஒரு 200 யூரோ நோட்டைப் பக்கத்து பேக்கரியில் நீட்டினால் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் ஊர் வங்கியின் ஏ.டி.எம். கார்டில் எடுக்கிறேன். கையில் நிறைய வைத்துக்கொள்ள பயம், ஐம்பது ஐம்பதாக நான்கு முறை எடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது, அதில்தான். அந்தக் கணக்கோடு இணைந்திருப்பது அப்பாவின் நம்பர், ஒவ்வொரு முறையும் அவருக்கு மெசேஜ் போகிறது. போன வாரம் போன் செய்து, "அம்பது யூரோ எடுத்தா கிட்டத்தட்ட ஆறாயிரம் போவுது, பாத்து எடு சாமி" என்றார். திட்டவில்லை. ஆனால் அவர் தறிக்கூடத்தில் ஒரு வாரம் நின்றால் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன்.

விசாவுக்காகப் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஒரு வருடப் பணம் அப்படியே கிடக்கிறது. நேரில் போன வங்கியில், ஆன்மெல்டுங், அதாவது நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, முடித்து வரி எண்ணோடு வாருங்கள் என்றார்கள். ஆன்மெல்டுங்குக்கு அடுத்த மாதம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. ஒரு ஆன்லைன் வங்கியில் விண்ணப்பித்தேன், ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் கார்டும் வரவில்லை, பின் நம்பரும் வரவில்லை, இரண்டு வாரம் ஆகிறது. அதுவரை எப்படிச் சமாளிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

போகும்_வாசி

வணக்கம் நண்பா. நான் பக்கத்து ஊரான போகுமில் படிக்கிறேன், மூன்றாவது செமஸ்டர்.

அந்த வங்கி சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் அடிப்படைக் கணக்கு திறக்க இங்கே உரிமை உண்டு. பெயர் பாஸிஸ்கோன்டோ, 2016 ஜூனிலிருந்து சட்டம். நிலையான முகவரி இல்லாதவர்களுக்குக்கூடக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பொதுவான படிவம் இருக்கிறது. அதை முழுதாக நிரப்பிக் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் கணக்கு தர வேண்டும், இல்லையென்றால் மறுக்கும் காரணத்தை எழுதித் தர வேண்டும். கவுன்டரில் வாய்ச்சொல்லாகத் திருப்பி அனுப்புவது எளிது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு மாறும். எனக்கு மாறியது.

ரொக்கம் இல்லாமல் இந்த ஊரில் ஓட்ட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மத்திய வங்கி 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில்கூட, கடையில் பணம் கொடுக்கும் தடவைகளில் 51 சதவீதம் ரொக்கம்தான். எப்போதும் 40, 50 யூரோ பர்ஸில் இருக்கட்டும்.

எசன்_செவிலி

தம்பி, முதலில் ஒன்று. மதியச் சாப்பாட்டை இன்றைக்கே மறுபடி ஆரம்பி. உன் பணத்தைத் தின்றது சாப்பாடு இல்லை. எது தின்றது என்று கணக்கோடு சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம், எசனில் ஆஸ்பத்திரி வேலை, வந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் ஒன்றரை மாதம் நீ செய்த அதே காரியத்தைத்தான் செய்தேன். பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பேன், சிக்கனமாக இருப்பதாக நினைத்துக்கொள்வேன். பிறகு ஒரு நைட் டூட்டியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைப்போம். 50 யூரோ எடுக்கிறாய். அந்த மெஷின்காரர் 5 யூரோ அளவில் கட்டணம் போடுவார், அது 500 ரூபாய். ஊர் வங்கி ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் 125 ரூபாய் போல வாங்கும், ஜி.எஸ்.டி. சேர்த்து 147. இதெல்லாம் போக நாணயம் மாற்ற மார்க்அப் என்ற கூடுதல் கட்டணம், பெரும்பாலும் 3.5 சதவீதம், அதற்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மெஷின் கட்டணத்தையும் சேர்த்து 55 யூரோ மேல் அது விழும், 227 ரூபாய். கூட்டிப்பார், 5,874. அப்பா சொன்ன ஆறாயிரம் வந்துவிட்டது.

நான்கு முறை எடுத்ததில் கட்டணமாக மட்டும் 3,500 ரூபாய் போயிருக்கிறது. அதே 200 யூரோவை ஒரே தடவையில் எடுத்திருந்தால் 1,500-இல் முடிந்திருக்கும். மிச்சம் 2,000 ரூபாய். அதில் எத்தனை நாள் மென்சாவில், உன் பல்கலைக்கழக உணவகத்தில், சாப்பிட்டிருக்கலாம் என்று நீயே பார்.

இன்னொன்றும் கவனி. மெஷினில் கடைசியில் ஒரு திரை வரும். உன் கணக்கில் இத்தனை ரூபாய் கழிப்போம் என்று ரூபாயிலேயே தொகையைக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும். நம் ஊர் ரூபாயைப் பார்த்ததும் மனசுக்குத் தெம்பாக இருக்கும், ஆமாம் என்று அழுத்திவிடுவோம். அழுத்தாதே. அந்த மாற்று விகிதம் மெஷின்காரர் வைத்தது, சந்தை விலையைவிடப் பத்து சதவீதம்கூட மோசமாக இருக்கும். 'மாற்றம் இல்லாமல்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜெர்மனில் 'ஓன உம்ரெஷ்னுங்' என்று இருக்கும். வேண்டாம் என்றால் பணம் வராதோ என்று பயப்படாதே, வரும். கடையில் கார்டு தேய்க்கும் மெஷினும் இதே கேள்வியைக் கேட்கும், எங்கே கேட்டாலும் யூரோ என்றே சொல். கட்டணமும் பணம் வருவதற்கு முன்னால் திரையில் தெரியும். அதிகமாக இருந்தால் சிவப்பு பொத்தானை அழுத்தி வெளியே வா, அதற்குக் காசு பிடிக்க மாட்டார்கள். ஸ்டேஷன் வாசலிலும் சுற்றுலா இடங்களிலும் நிற்கிற தனி மெஷின்களை விட்டுவிட்டு, வங்கிக் கிளைக்கு உள்ளே இருப்பதைத் தேடு.

இப்போது அந்த ஆன்லைன் வங்கி விஷயம். உன் தபால் பெட்டியில் உன் பெயர் இருக்கிறதா?

போய்ப் பார்த்துவிட்டு வா, பிறகு மீதியைப் படி. இந்த நாட்டில் தபால்காரர் வீட்டு நம்பரை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உன் பெயர் இல்லையென்றால் 'பெறுநர் தெரியவில்லை' என்று கடிதம் திரும்பிவிடும். எனக்கு அப்படித்தான் கார்டு மூன்று வாரம் அலைந்தது. ஆஸ்பத்திரி விடுதியில் எனக்கு முன்னால் இருந்தவர் பெயரே பெட்டியில் இருந்திருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே இருப்பவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி செலோடேப் போட்டு ஒட்டு, பெட்டியிலும் ஒட்டு, அழைப்பு மணியிலும் ஒட்டு. பிறகு வங்கிக்கு எழுதி, கார்டையும் பின்னையும் மறுபடி அனுப்பச் சொல். இரண்டும் தனித்தனிக் கடிதமாக, வேறு வேறு நாளில் வரும், ஒன்று வந்ததும் பதறாதே.

இன்னும் முக்கியமானது, கார்டு வராவிட்டாலும் உனக்குக் கணக்கு வந்துவிட்டது தம்பி. வங்கி ஏற்றுக்கொண்டது என்றால் ஆப்பில் ஐபேன் என்ற கணக்கு எண் இருக்கும், டி.ஈ. என்று தொடங்கி மொத்தம் 22 எழுத்தும் எண்ணும். அதை இன்றே முடக்கக் கணக்கு நிறுவனத்துக்குக் கொடு. மாதம் 992 யூரோ அங்கிருந்து வர வேண்டியது, ஐபேன் போதும், கார்டு தேவையில்லை. ஆன்மெல்டுங் தாள் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அதனால் அந்த நேரத்தையும் முன்னால் இழுக்கப் பார். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்து வை, ரத்தான இடங்கள் அப்போது வரும். எனக்கு அன்றைக்கே பதினொரு மணிக்குக் கிடைத்தது. அறைக்காரரிடம் வீடு கொடுத்ததற்கான உறுதித் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டாயா? அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அறைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். கொடுத்த 760 யூரோவுக்கு ரசீது வாங்கு. 'க்விட்டுங்' என்று கேள். பணம் கொடுத்தவன் ரசீது கேட்பது இங்கே சட்டப்படியான உரிமை, யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில்தான் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று கூச்சப்படுவோம். அட்வான்ஸை அவர் சொல்கிறபடி அடுத்த வாரமே முடிக்கவும் தேவையில்லை. மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, அதையும் மூன்று சம தவணையாக மாதாமாதம் கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. அட்வான்ஸ் மொத்தம் 760 என்றால் மூன்று தவணையில் தவணைக்கு 253 யூரோ சொச்சம். நீ ஏற்கெனவே 380 கொடுத்திருக்கிறாய். மீதியை வரும் இரண்டு மாதத்தில், வங்கி வழியாக, 'அட்வான்ஸ்' என்று குறிப்பு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்.

கார்டு வந்த பிறகு நான் செய்கிற முறை இதுதான். மாதம் 2-ஆம் தேதி 100 யூரோ, 16-ஆம் தேதி 100 யூரோ, என் வங்கி சேர்ந்திருக்கும் குழுமத்தின் மெஷினில் மட்டும். அதில் எனக்குக் கட்டணம் இல்லை. ஸ்பார்காஸே என்ற சேமிப்பு வங்கியின் வாடிக்கையாளர் இன்னொரு ஊர் ஸ்பார்காஸேயிலும் எடுக்கலாம். வேறு குழுமத்துக்குப் போனால் திரையில் கட்டணம் வரும். நடுவில் தேவைப்பட்டால் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. ரேவே, எடேகா, ஆல்டி, லிடில் போன்ற கடைகளில் சாமான் வாங்கிக் கார்டில் பணம் கட்டும்போது, கூடவே 200 யூரோ வரை ரொக்கம் கேட்கலாம். எவ்வளவுக்குச் சாமான் வாங்க வேண்டும், எந்தக் கார்டு செல்லும் என்பது கடைக்குக் கடை மாறும். இதற்குத்தான் கீரோகார்டு, இந்த நாட்டு வங்கிகளின் சொந்த டெபிட் கார்டு, கைகொடுக்கும். பழைய ஆட்கள் இன்னும் ஈ.சி. கார்டு என்றுதான் சொல்வார்கள். சின்னக் கடையில் 'ஈ.சி. மட்டும்' என்று எழுதியிருந்தால் உன் விசா கார்டு அங்கே போகாது. உன் ஆன்லைன் வங்கி அதைத் தருகிறதா என்று பார்த்துக்கொள்.

அந்த 200 நோட்டை பேக்கரியில் கொடுக்காதே, பாவம் அவர்கள் கல்லாவில் சில்லறை இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் ஐம்பது அறுபது யூரோவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து வாங்கு, முன்னாலேயே நோட்டைக் காட்டிக் கேட்டுவிடு. விளக்கில் வைத்துப் பார்ப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள்.

கணக்கிலிருந்து தானாகக் கழியும் பணத்தில் ஒரு கண் வை. வாடகை மாதத்தின் மூன்றாம் வேலை நாளுக்குள், பிறகு காப்பீடு, போன். கழிக்க வரும்போது பணம் இல்லையென்றால் திரும்பிப் போகும், அதற்குத் தனியாகக் கட்டணம் வரும். தவறாகக் கழித்திருந்தால் எட்டு வாரத்துக்குள் ஆப்பிலேயே திருப்பி வாங்கலாம். ஆன்மெல்டுங் முடிந்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று தூக்கிப் போடாதே, அது வீட்டுக்கானது. ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். அறைக்காரர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை வாங்கி எழுதி அனுப்பு.

கார்டு தொலைந்தால் 116 116, எந்த நேரமும். இப்போதே போனில் பதிந்து வை.

ஊர்க் கணக்கில் அப்பா நம்பர் இருப்பதை அப்படியே விடு, ஓ.டி.பி. தேவைப்படும்போது அவர் சொல்லட்டும். வெளிநாட்டில் படிக்கப் போனவர் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், அதைச் செமஸ்டர் லீவில் பார்த்துக்கொள்ளலாம். எதுவும் புரியவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, நைட் டூட்டியில்தான் இருப்பேன்.

ஹம்_பெரியவர்

தம்பி, தங்கச்சி வடிவாச் சொல்லிப்போட்டா. நான் யாழ்ப்பாணத்தில இருந்து 1985இல வந்தனான், இப்ப ஹம் பக்கம் இருக்கிறன். ரெண்டு மூண்டு விசயம் மட்டும் சொல்லுறன்.

நாங்கள் வந்த காலத்தில யூரோ இல்லை, இஞ்சத்தைக் காசு மார்க். என்ர மனுசி சம்பளக் காசை நாலு கடித உறையில போட்டு வைப்பா, ஒரு கிழமைக்கு ஒண்டு. அந்த உறை முடிஞ்சால் அடுத்த திங்கள் மட்டும் பொறுக்கவேணும். கார்டில போற காசு கண்ணுக்குத் தெரியாது, உறையில குறையிறது தெரியும். நீர் 100 யூரோ எடுத்தால் அப்பிடியே ரெண்டு உறையில போட்டுப் பாரும். அவ எங்கையோ ஒளிச்சு வைச்ச 50 மார்க் தாள் ஒண்டு கன வருசத்துக்குப் பிறகு பழைய சீலைப் பெட்டிக்குள்ள கிடந்தது. டோர்ட்முண்டில மத்திய வங்கிக் கிளையில 25 யூரோ 56 சென்ட் தந்தவை. மார்க்கை இண்டைக்கும் மாத்தலாம், அதுக்குக் கடைசித் தேதி எண்டு ஒண்டு இல்லை.

இனி சொல்லுறதைக் கவனமாக் கேளும். "உங்கட கணக்கில கொஞ்சக் காசு வரும், அதை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுங்கோ, உங்களுக்கு இவ்வளவு வீதம்" எண்டு வேலை மாதிரி ஆக்கள் எழுதுவினம். பகுதிநேர வேலை தேடுற பிள்ளையளைப் பாத்துத்தான் எழுதுவினம். அது களவெடுத்த காசு. பொலிஸ் வந்தால் கணக்குக்காரன்தான் அம்பிடுவான். தெரியாமல் செய்தனான் எண்டாலும் கவனயீனத்துக்கே தண்டனை இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை அப்பிடி மாட்டி, விசா நீட்டேக்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆருக்கும் உம்மட கார்டையும் குடாதையும், கணக்கையும் குடாதையும். சொந்தக்காரன் எண்டாலும்.

பிறகு உண்டியல். எங்கட சனத்திட்ட அந்தப் பழக்கம் இருந்தது, இஞ்ச ஒருத்தரிட்டக் காசைக் குடுத்தால் அங்க வீட்டு வாசலில குடுப்பினம். போர்க்காலத்தில எங்களுக்கு வேற வழி இருக்கேல்லை, அம்மாவுக்கு மருந்துக்கு நானும் அப்பிடித்தான் அனுப்பினனான். உமக்கு அந்தத் தேவை இல்லை. இஞ்ச அனுமதி இல்லாமல் அந்தத் தொழில் செய்யிறது குற்றம், காசு போய்ச் சேராட்டில் முறையிடவும் இடமில்லை. ஊருக்கு அனுப்பவோ அங்கயிருந்து எடுக்கவோ வங்கி வழியால செய்யும்.

எங்கட ஹம் காமாட்சி அம்மன் கோயில் தெரியுமோ? யூரோ கைக்கு வந்த அதே 2002இலதான் இந்தப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. டோர்ட்முண்டில இருந்து தூரமில்லை. ஒரு நாள் வாரும், சாப்பிட்டிட்டுப் போகலாம்.

கரூர்_மாணவன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அக்கா, உங்கள் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெட்டியில் என் பெயர் இல்லை. அறைக்காரர் பெயரும், போன வருடமே காலி செய்துவிட்டுப் போன ஒரு பெண் பெயரும்தான் இருந்தன. அன்று இரவே எழுதி ஒட்டினேன். வங்கியில் கேட்டால் இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன என்று அவர்களிடம் பதிவாகியிருக்கிறது. மறுபடி அனுப்பினார்கள். பின் நம்பர் ஒரு வெள்ளிக்கிழமை, கார்டு அடுத்த செவ்வாய்.

ஐபேன் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது, ஆப்பைத் திறந்த முதல் நாளிலிருந்து. காலை நேரம் பார்த்துப் பார்த்து ஐந்தாவது நாள் ஆன்மெல்டுங் கிடைத்தது. தாளை அனுப்பிய பிறகு 992 யூரோ வந்துவிட்டது. ரசீது கேட்க இரண்டு நாள் தயங்கினேன். கேட்டதும் அவர் இயல்பாக ஒரு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், தவணைக்கும் சரி என்றார். போகும் ஊர் நண்பருக்கு: பாஸிஸ்கோன்டோ படிவம் எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் என் வகுப்பில் ஒரு நேபாள நண்பனுக்குக் கொடுத்தேன், அவன் கணக்கு எட்டாவது நாள் திறந்துவிட்டது. ஐயா, இரண்டு உறை போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கட்டாயம் கோயிலுக்கு வருகிறேன்.

ஊர்க் கார்டை அதற்குப் பிறகு தொடவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "பத்து நாளா மெசேஜே வரல சாமி, காசு எடுக்கலயா, சாப்புடறயா இல்லயா?" என்றார். வங்கி, ஐபேன், உறை எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "செரி, என்ன சாப்ட்ட, அத சொல்லு" என்றார். இப்போது தினமும் மென்சா தட்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன்.